கூரையை மாற்றப் போகிறீர்களா? முதலில் பழைய மரத்தை எண்ணி வையுங்கள்

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டின் துணிக்கடை நெரிசலிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. தாத்தா வாங்கியபோதே அது பழைய வீடு. கூடத்தின் கூரை மெட்ராஸ் டெரஸ். இரண்டு பெரிய உத்திரங்கள், அவற்றின்மேல் வரிசையாகக் குறுக்குக்கட்டைகள், அதன்மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய தளம், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. வடசென்னையில் பழைய வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மல்லாந்து படுத்துக் கட்டைகளை எண்ணியபடி தூங்கிப்போனவர்கள் நாம். எங்கள் கூடத்தில் இருபத்தேழு கட்டைகள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் மேலிருந்து தண்ணீர் வந்தது. மேற்குச் சுவரை ஒட்டி மூன்று இடங்களில் ஒழுகியது. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. “தலையில் விழுந்த பிறகா பார்க்கப் போகிறாய்?” என்று தினமும் கேட்டார். சித்தப்பா ஒரு மேஸ்திரியை அழைத்துவந்தார். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் வேறு பெயரில் அதே வேலையைச் செய்வார். அவர் எப்படி வேலை செய்தார் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். (சித்தப்பாவுக்கு அதில் ஏதாவது கிடைத்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் முகம் பார்க்க வேண்டியிருக்கிறதே.)

வந்தவர் ஏணி போட்டு ஏறினார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து, ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே சுவருக்குள் நுழையும் கட்டையின் முனையில் குத்தினார். கேக்கில் குத்தியதுபோல் உள்ளே போனது. திருகி எடுத்ததும் கறுப்பாகத் தூள் கொட்டியது. அந்தத் தூளை உள்ளங்கையில் ஏந்தி அம்மாவிடம் காட்டினார். “அம்மா, மரம் மொத்தமும் இப்படித்தான் இருக்கிறது. அடுத்த மழைக்குத் தாங்காது” என்றார். அம்மா அன்று இரவே படுக்கையைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டார்.

பின்னால் ஒரு பொறியாளர் எனக்குச் சொன்னது இது. இத்தகைய கூரையில் கட்டையின் முனைதான் முதலில் போகும். சுவருக்குள் புதைந்திருப்பதால் ஈரம் காயாது, காற்றும் படாது. நடுப்பகுதி நூறு ஆண்டு ஆனாலும் கல்லாக நிற்கும். முனை போன கட்டைகளை மட்டும் மாற்றி, மேலே தட்டோட்டைச் சரிசெய்தால் அந்தக் கூரை இன்னும் ஒரு தலைமுறைக்கு வந்திருக்கும். எங்கள் ஆள் குத்தியது ஒரே ஒரு கட்டையில். ஓர் அடி தள்ளிக் குத்தச் சொல்லியிருந்தால் ஸ்குரூ டிரைவர்தான் வளைந்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை.

பேசிய தொகை 2,90,000 ரூபாய். பழைய கூரையைப் பிரித்து, கான்கிரீட் தளம் போட்டு, மேலே சுர்க்கியும் (செங்கல் தூள் கலந்த சுண்ணாம்பு) தட்டோடும் பதித்துத் தருவதாகப் பேச்சு. ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசியில், நாற்காலியை விட்டு எழுந்துகொண்டே, போகிற போக்கில் சொன்னதுபோல் ஒன்று சொன்னார்: “அக்கா, இடிசல் அள்ளுகிற செலவு தனியாக இருபதாயிரம் ஆகும். உங்களிடம் அதைக் கேட்க மனம் வரவில்லை. அந்த மக்கின மரத்தை விறகுக்குப் போட்டு நான் சரிக்கட்டிக்கொள்கிறேன்.” நான் நன்றி சொன்னேன். நன்றி! டீயும் கொடுத்தேன்.

2024 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. முதல் நாளே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். விழப்போகிற கூரை என்றாரே, அந்தச் சுண்ணாம்புத் தளத்தைக் கடப்பாரையால் உடைக்க இரண்டு ஆட்கள் ஒரு பகல் முழுவதும் போராடி ஒரு பத்திதான் முடித்தார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கிய தளம் அது. கடப்பாரை பட்ட இடத்தில் மணியடித்ததுபோல் சத்தம் கேட்டது.

செங்கல்லையும் காரையையும் மேலிருந்து அப்படியே தள்ளினார்கள். தெருவே புழுதியானது. மரம் இறக்குகிற நாளில் மட்டும் வேறு ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கீழே பழைய சாக்கு விரித்து, தூளியிலிருந்து குழந்தையை எடுப்பதுபோல் இறக்கினார்கள். ஆணிகளைப் பிடுங்கினார்கள். சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். ஒருவர் டேப் பிடித்து அளந்து, முனையில் சாக்பீஸால் எண் போட்டார். விறகுக்கு எண் போடுவார்களா? நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே அவர்களுக்கு மோர் கொடுத்தேன்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஆசாரி. கையில் உளி பிடித்து ஐம்பது ஆண்டு. அவர் திண்ணையிலிருந்து இறங்கிவந்து ஒரு கட்டையின் முனையை நகத்தால் கீறி முகர்ந்தார். “ஏம்மா, இதை எவ்வளவுக்குக் கொடுத்தாய்?” என்றார். விறகுக்கு என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பர்மா தேக்கும்மா இது. என் ஆயுசில் இப்படி மரத்தில் வேலை செய்தது கையளவுதான்” என்றார். அதற்குள் குட்டியானை வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. இடிசல் அள்ளும் லாரி மறுநாள் மதியம்தான் வந்தது.

அதன்பிறகு பழைய மரம் வாங்கும் கடை ஒன்றில் போய்க் கேட்டேன். கணக்கு எளிது. அகலமும் கனமும் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. கட்டை ஒன்று 3க்கு 5, நீளம் 8 அடி. இருபத்தேழுக்கும் சேர்த்து 22 கன அடிக்கு மேல் வந்தது. உத்திரம் 8க்கு 12, நீளம் 14 அடி. இரண்டுக்கும் 18 கன அடிக்கு மேல். நல்ல நிலையில் உள்ள பழைய பர்மா தேக்குக்குக் கன அடிக்கு 2,500 ரூபாய் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். மக்கிய முனைகளை வெட்டிக் கழித்தாலும் தொண்ணூறாயிரத்துக்குக் குறையாது. இருபதாயிரம் மிச்சம் என்று நினைத்து நான் கொடுத்தது இதைத்தான். மேஸ்திரியின் உண்மையான லாபம் கான்கிரீட்டில் இல்லை, அந்த வண்டியில் போய்விட்டது. அதனால்தானோ என்னவோ, மீதி வேலையை அவர் ஒப்புக்குச் செய்தார்.

தளத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொல்லச் சொல்ல ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. கலவைக்கு லாரித் தண்ணீர் என்று பேச்சு. நான் வேலைக்குப் போயிருந்த நாளில் எங்கள் வீட்டுப் போர் தண்ணீரையே ஊற்றிவிட்டார்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. டீ போட்டால் திரிந்துவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரவிதி. உப்பு கம்பியைத் தின்னும். இத்தனைக்கும் அம்மா வீட்டில் இருந்தார். “அந்தத் தண்ணீரில் பருப்பே வேகாதே, தளம் எப்படி இறுகும்?” என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரி சிரித்தாராம்.

முட்டுகளை ஐந்தாம் நாளே உருவினார்கள், கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்குகிற சென்ட்ரிங் தகடு வேறு இடத்தில் தேவைப்பட்டதாம். எங்கள் கூடம் போன்ற பன்னிரண்டு அடி இடைவெளிக்கே ஏழு நாளாவது முட்டு நிற்க வேண்டும். தகட்டைக் கழற்றியதும் அண்ணாந்து பார்த்தேன். கூரையின் அடியில் கம்பிகள் கோடு கோடாகத் தெரிந்தன. கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே வைக்க வேண்டிய கவர் பிளாக் ஒன்றைக்கூட வைக்கவில்லை. “பூச்சு பூசினால் மறைந்துவிடும் அக்கா” என்றார். மறைந்தது.

பெருக்கும்போது மூலையில் ஒரு துண்டுக் கம்பி கிடைத்தது. எட்டு மில்லிமீட்டர் என்று எழுதிக்கொடுத்த கம்பி. பொறியாளர் சொன்ன கணக்கு இது: விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். எட்டுக்கு 395 கிராம். சரியாக ஒரு மீட்டர் அறுத்து, முனைக்கடை அரிசிக் கடைத் தராசில் வைத்தேன். 330 காட்டியது. கடைக்காரர் தராசைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். அதே 330. நூறு கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு எண்பத்து மூன்று கிலோ போட்டிருக்கிறார். இதைக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பு செய்திருந்தால் பலன் இருந்திருக்கும். கம்பி வந்து இறங்கும் அன்றே ஒரு துண்டு அறுத்து எடை போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

2024 அக்டோபர் நடுவில் கொட்டிய மழையில் புதுக்கூரை ஒழுகியது. அதே மேற்குச் சுவர். பழைய கட்டைகளை உருவிய பொந்துகளில் செங்கல் வைத்துக் கட்டாமல் இடிசலையும் மண்ணையும் திணித்து மேலே பூசியிருக்கிறார்கள். மாடியில் வாட்டமும் தலைகீழ். தண்ணீர் குழாயை நோக்கிப் போகாமல் அந்தச் சுவரை நோக்கி வந்து தேங்கியது. கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் மாடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். இப்போது கூரையின் அடியில் உப்புப் பூத்திருக்கிறது; இரண்டு இடங்களில் பழுப்புக் கோடு. மே மாத வெயிலில் அந்தக் கூடத்தில் உட்கார முடியவில்லை. பழைய தளத்தின் கீழே மின்விசிறி இல்லாமலே பகல் தூக்கம் போட்டவர்கள் நாங்கள்.

வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தேன். மோசமான வேலைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது என்றார். மனு கொடுத்திருக்கிறேன். வங்கி வழியாகக் கொடுத்த பணத்துக்குச் சான்று இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த தொண்ணூறாயிரத்துக்கு என் வாய் மட்டுமே. மரத்தைப் பற்றி அந்த வெள்ளைத்தாளில் ஒரு வரிகூட இல்லை. “அதை மறந்துவிடுங்கள்” என்றார் வழக்கறிஞர்.

ஓர் உத்திரத்தின் நடுவில் இரும்பு வளையம் ஒன்று இருந்தது. அப்பாவிலிருந்து என் மகன் வரைக்கும் தூளி கட்டிய வளையம். அதையாவது திருப்பிக் கேட்கலாம் என்று போன் செய்தேன். “பழைய இரும்பு எடைக்குப் போய்விட்டது அக்கா” என்றார்.

சென்ற மாதம் கல்மண்டபம் பக்கம் போனபோது ஒரு வீட்டு வாசலில் அதே மேஸ்திரி ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அவர் டீ குடிக்கப் போகும்வரை எதிர்க்கடையில் நின்று, பிறகு கதவைத் தட்டினேன். வயதான அம்மா ஒருவர் வந்தார். முன்பணம் கொடுத்துவிட்டாராம், கூரையில் பாதி பிரித்தாகிவிட்டதாம். பாதியில் வேலையை நிறுத்த முடியாதே என்று கண் கலங்கினார்.

“மரம் எங்கே இருக்கிறது?” என்றேன்.

“பின்கட்டில் அடுக்கியிருக்கிறார்கள். இன்று ராத்திரி வண்டி வருமாம்.”

“பின்கட்டுக்குக் கதவு உண்டா?”

“உண்டு.”

“இப்போதே பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள். நாளைக்குக் காலையில் எங்கள் தெரு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.”