அருகம்புல்லா, கவ் கிராஸா, ஜப்பான் புல்லா? கோலாலம்பூர் வாசலுக்கு எது ஒத்துவரும்?

தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் கார் நிற்க சிமெண்ட் போட்டது போக மிஞ்சும் மண் கொஞ்சம்தான். அதற்கு என்ன புல் என்று நர்சரியில் கேட்டால் கவ் கிராஸைக் காட்டுவார்கள். கையில் காசு தாராளமாக இருந்தால் ஜப்பான் புல். வீட்டுப் பெரியவர்களோ, "அருகு போடேன், பிள்ளையாருக்கும் ஆகும்" என்பார்கள்.

மூன்றில் சரித்திரம் உள்ளது அருகுக்குத்தான். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அது கண்ணால் பார்த்துச் சொன்னது. தரைமேல் ஒரு தண்டு ஓடும், மண்ணுக்குள் இன்னொன்று ஓடும், கணுவுக்குக் கணு வேர்விடும். மாடு கடித்தாலும் வெயிலில் கருகினாலும் மறுபடி துளிர்க்கும். அனலாசுரனை விழுங்கிய பிள்ளையாரின் சூட்டைத் தணித்தது 21 அருகு என்கிறது புராணம். உழவருக்கோ அது கொத்தித் தீராத களை. அமெரிக்காவிலும் இதே கதைதான். பருத்திக்காரர்கள் சபித்த இந்தப் 'பெர்முடா புல்'லை ஜார்ஜியா மாநிலம் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் கலப்புச் செய்து, 1943-இல் 'கோஸ்டல்' என்ற தீவனப் புல்லாக வெளியிட்டார். 1960-இல் அங்கிருந்தே வந்தது டிஃப்வே 419. அருகும் ஓர் ஆப்பிரிக்க உறவுப்புல்லும் சேர்ந்த மலட்டு ரகம் அது. விதை பிடிக்காது, தண்டை நட்டுத்தான் பெருக்க வேண்டும். வெப்ப நாட்டு கோல்ஃப் திடல்களில் அதற்கு நல்ல மவுசு.

ஆனால் அருகுக்கு நிழல் ஆகாது. பக்கத்து வீட்டு மாடி வெயிலை மறைத்தால் மெலிந்து, இடைவெளி விட்டு, அங்கே களை குடியேறும். நம் மழையில் வேகமாக வளர்வதால் அடிக்கடி வெட்டவும் வேண்டும்.

கவ் கிராஸ் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. இலை அகலம், பார்வைக்கு முரடு. ஆனால் அரை நிழல், அமில மண், ஓயாத மழை எல்லாவற்றையும் தாங்கும், விலையும் குறைவு. புக்கிட் ஜாலில் தேசிய அரங்கிலேயே பல காலம் இதுதான் கிடந்தது. பந்தாட்டத்துக்குச் சரிப்படவில்லை என்ற புகார்களுக்குப் பிறகு, 2023-இல் சியோன் சோய்சியா வந்தது. அது ஜப்பான் புல்லின் இனம்: நெருக்கமானது, மெல்லியது, மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலை குறைவு. அதே மெதுவான வளர்ச்சியால், ஒரு மூலை பட்டுப்போனால் மூடவும் மாதங்கள் ஆகும். அரங்கத்துக்குப் பராமரிக்க ஆள் உண்டு. ஞாயிறு மட்டும் வீட்டிலிருப்பவருக்கு அது வீண் செலவு என்பேன்.

ஆகவே வாசலுக்குக் கவ் கிராஸ். பூஜைக்கு அருகு வேண்டுமென்றால் வெயில் படும் இடத்தில் அகலமான தொட்டியில் வையுங்கள். தரையில் விட்டால் சிமெண்ட் விரிசல் வழியே கால்வாய் வரை போய்விடும். சாறு குடிக்கிறவர்களும் தொட்டிப் புல்லையே எடுங்கள். சாலையோரப் புல்லில் களைக்கொல்லி தெளித்திருக்கலாம், நாய் வேறு சிறுநீர் கழித்திருக்கும்.