பெஜோ 505 வேகன்: 13 வருடம் ஓட்டிய அனுபவம்

ஒஹாயோவில் இருந்தபோது, 1993-இல் ஒரு பழைய பெஜோ 505 வேகன் (பின்பக்கம் நீண்ட குடும்பக் கார்) வாங்கினேன். 1989 மாடல், 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர். அமெரிக்காவில் பிரெஞ்சு வண்டிகளின் கதை அப்போது முடிந்திருந்தது. சிட்ரோயன் 70-களிலேயே போய்விட்டது. ரெனோ 1987-இல் ஏ.எம்.சி. என்ற அமெரிக்கக் கார் கம்பெனியில் தனக்கிருந்த பங்குகளை கிரைஸ்லருக்கு விற்றுவிட்டு நடையைக் கட்டியது. மிச்சமிருந்த பெஜோவும் 1991-இல் கிளம்பிவிட்டது. அதனால் வாங்க ஆளில்லை, விலை அடிமட்டம். "நாளைக்கு ஒரு சாமான் வேணும்னா எங்கே போய் நிப்பீங்க?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அப்படி ஒரு சவாரி. பனிக்காலம் முடிந்தால் எங்கள் ஊர் ரோடெல்லாம் குண்டும் குழியுமாகிவிடும். முன்பு வைத்திருந்த கார் ஒவ்வொரு குழிக்கும் இடுப்பைப் பதம் பார்க்கும். 505 அதே குழியில் இறங்கி ஏறும்போது 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கையிலிருக்கும் காபிகூட சிந்தாது. சீட்டும் அதற்கு ஏற்ற மாதிரி மெத்தென்று இருக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி நியூ ஜெர்சி போய் இறங்கினாலும் எனக்கு முதுகு பிடித்ததே இல்லை.

வேகனில் பின் ஆக்சிலுக்கு மட்டும் நான்கு காயில் ஸ்பிரிங். அச்சுக்கு அச்சு இடைவெளி செடானைவிட சுமார் 15 செ.மீ. அதிகம். மூன்று வரிசை, எட்டுப் பேர். அந்தக் கால அமெரிக்க வேகன்களில் கடைசி சீட் பெரும்பாலும் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும், பிள்ளைகளுக்குக் குமட்டும். இதில் எல்லோரும் முன்னால் பார்த்து உட்காரலாம். எட்டுப் பேரோடு பென்சில்வேனியா மலை ஏறும்போது மூன்றாவது கியருக்கு வந்துதான் ஆகவேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

சரி, சாமான் விஷயம். 1998-இல் நெடுஞ்சாலையில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் போகும் ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்தது. ஒன்பது வருட ரப்பர். விரலால் அழுத்தினால் பிசைந்த மாவு மாதிரி உள்ளே போனது. டெம்பரேச்சர் முள் ஏறியதுமே ஓரம்கட்டியதால் சூட்டில் போய்விடக்கூடிய எஞ்சின் சீல், அதாவது ஹெட் கேஸ்கெட், தப்பியது. பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் வண்டியின் பெயரைப் பார்த்ததும் தொடமாட்டேன் என்றார். இன்னொருவர் பழைய ஹோஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், வளைவும் வாயளவும் ஒத்துவந்த வேறொரு வண்டியின் ஹோஸை வாங்கி, இரண்டு அங்குலம் வெட்டி மாட்டினார். கடைசி வரை அதுதான் ஓடியது.

அதற்கப்புறம் ஓடாத 505 செடான் ஒன்றை வாங்கிக் கொல்லையில் நிறுத்தினேன். ஆல்டர்னேட்டர், கதவுக் கைப்பிடி, ஸ்விட்ச் என்று என்னென்னவோ அதிலிருந்து கிடைத்தது. பின் சஸ்பென்ஷன் மட்டும் உதவவில்லை. செடானில் பின்சக்கரங்கள் தனித்தனியாக அசையும், வேகனில் இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே ஆக்சில் இணைக்கும். வேகனுக்காகச் செடான் வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2006-இல் எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. பனிக்கு ரோட்டில் கொட்டும் உப்பு அடித்தளத்தை அரித்துவிட்டது. ஜாக்கி வைத்தால் தகரம் உள்ளே போனது. இன்னொரு 505 வேகன் வைத்திருந்தவர் வந்து, முன் சீட் இரண்டையும் பின் ஸ்பிரிங் நான்கையும் முதலில் கழற்றிக்கொண்டார்.