டிரைவர் ஸ்டோர் எக்ஸ்ப்ளோரர்: அம்மாவின் பழைய லேப்டாப்பைச் சுத்தம் செய்த கதை

அம்மா பாட்டு வகுப்பைப் பதிவு செய்வதெல்லாம் ஒரே ஒரு லேப்டாப்பில்தான். அதன் ஹார்டு டிஸ்க் போன மாதம் ஒரு நாள் நின்றேபோனது. நல்ல வேளை, 2017இல் எடுத்து வைத்த முழு டிஸ்க் இமேஜ் (டிஸ்கில் இருப்பது அத்தனைக்கும் அப்படியே ஒரு நகல்) ஒன்று வெளி டிஸ்கில் இருந்தது. அதற்குப் பிந்தைய பதிவுகளும் அந்த வெளி டிஸ்கிலேயே தனி ஃபோல்டரில் இருந்தன. புது எஸ்எஸ்டி போட்டு இமேஜை ரீஸ்டோர் செய்தேன். விண்டோஸைப் புதிதாகவே போட்டிருக்கலாமே என்று தோன்றும். அம்மா பழகிய ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு இன்ஸ்டாலரும் இல்லை, லைசென்ஸ் கீயும் இல்லை. அந்த இமேஜுக்குள் மட்டும்தான் அது உயிரோடு இருக்கிறது.

லேப்டாப் எழுந்தது. கூடவே 2017ஆம் வருடமும் எழுந்து உட்கார்ந்தது. ஃபிளாஷ் பிளேயர், குவிக்டைம், சில்வர்லைட், எப்போதோ வீட்டை விட்டுப் போன பிரின்டருக்கு மூன்று சாஃப்ட்வேர், டிரைவர்களை (பிரின்டர், வைஃபை போன்ற சாதனங்களை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன சாஃப்ட்வேர்களை) அப்டேட் செய்து தருகிறேன் என்று வலது மூலையில் வந்து நிற்கும் ஒரு புரோகிராம். முதல் வேலையாக அந்தக் கடைசி ஆளை வெளியேற்றினேன். ஸ்கேன் செய்கிறேன் என்று சிவப்பு எழுத்தில் பெரிய எண்ணிக்கை காட்டுவதும், சரிசெய்யப் பணம் கேட்பதும்தான் அதன் வேலை.

சாஃப்ட்வேர் பக்கம் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஃபிளாஷின் ஆயுள் 2020 டிசம்பர் 31ஓடு முடிந்தது. விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் 2016இலேயே கைவிட்டுவிட்டது. சில்வர்லைட்டுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2021 அக்டோபரில் நின்றது. மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு அன்இன்ஸ்டால் செய்யலாம். பட்டியலில் வரிசையாக நின்ற விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்களை (மற்ற சாஃப்ட்வேர்கள் ஓடத் தேவையான பொது ஃபைல்களை) மட்டும் தொடவில்லை. 2005, 2008, 2010 என்று பார்க்கப் பழைய குப்பை மாதிரி இருக்கும். ஆனால் பழைய சாஃப்ட்வேர் எது எதை நம்பி ஓடுகிறது என்று வெளியே தெரியாது. அப்புறம் விண்டோஸ் 10ஐ அதன் கடைசிப் பதிப்பான 22எச்2 வரை ஏற்றினேன்.

டிரைவர்கள் விஷயம் வேறு. அவற்றில் பெரும்பாலானவை அன்இன்ஸ்டால் பட்டியலில் வருவதே இல்லை. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் தனக்குள் ‘டிரைவர் ஸ்டோர்’ என்று ஒரு கிடங்கு வைத்திருக்கிறது. புது டிரைவர் போடும்போது அதன் முழுப் பொட்டலமும் அங்கே போய் உட்காரும். பழைய பதிப்பு தானாக வெளியே போகாது. விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருக்கும் அந்தக் கிடங்கைத் திறந்து கையால் அழிப்பது பெரிய தவறு. விண்டோஸின் கணக்கும் கிடங்கில் இருக்கும் சரக்கும் ஒத்துப்போகாமல் போய்விடும்.

இந்தக் கிடங்கைத் திறந்து காட்டும் கருவிதான் டிரைவர் ஸ்டோர் எக்ஸ்ப்ளோரர். இலவசம், ஓப்பன் சோர்ஸ், கிட்ஹப்பில் கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஜிப்பைப் பிரித்து, அட்மினிஸ்டிரேட்டராகத் திறந்தால் போதும். விளம்பரம் இல்லை, பயமுறுத்தல் இல்லை. டிரைவர் எந்த வகை, யார் கொடுத்தது, பதிப்பு எண், தேதி, எவ்வளவு இடம், எந்தச் சாதனத்துக்கு என்று ஒரு வரிக்கு ஒரு பொட்டலமாகக் காட்டுகிறது.

என் திரையில் முதலில் கண்ணில் பட்டது டிஸ்பிளே வகை. ஒரே கிராஃபிக்ஸ் டிரைவர், ஐந்து பதிப்புகள், ஒவ்வொன்றும் அரை ஜிபிக்கு மேல். ஒன்றுக்கு மட்டும் எதிரே சாதனத்தின் பெயர் இருந்தது. மற்ற நான்குக்கும் அந்தக் கட்டம் காலி. இந்தக் கட்டம்தான் இந்தக் கருவியின் பெரிய பலம் என்பேன். எது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. பழைய டிரைவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டன் இருக்கிறது. ஒரே டிரைவரின் பல பதிப்புகள் இருந்தால் பழையதில் டிக் போட்டுத் தரும். நான் அதை அழுத்திவிட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துத்தான் அழித்தேன். கிராஃபிக்ஸ், வைஃபை, பழைய பிரின்டர் எல்லாம் சேர்த்து நாலு ஜிபிக்கும் மேல் திரும்பக் கிடைத்தது. 120 ஜிபி எஸ்எஸ்டியில் அது பெரிய இடம்.

தேதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிப்செட் (மதர்போர்டின் முக்கியச் சிப்கள்) வரிகள் சிலவற்றில் 1968 ஜூலை 18 என்று இருந்தது. முதலில் கடிகார பேட்டரி போய்விட்டதோ என்று நினைத்தேன். அது இன்டெல் நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். அந்த டிரைவர்கள் சாதனத்துக்குப் பெயர் வைப்பதோடு சரி. வேறு சிறப்பான டிரைவர் இருந்தால் அதற்குக் குறுக்கே வரக்கூடாது என்றுதான் வேண்டுமென்றே இவ்வளவு பழைய தேதி. சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த டிரைவர்கள் பலவற்றில் 2006 ஜூன் 21 என்று இருப்பதும் இதே காரணத்தால்தான். அப்டேட் செய்து தருகிறேன் என்று சொல்லும் புரோகிராம்கள் இந்தத் தேதிகளைக் காட்டித்தான் நம்மைப் பதற வைக்கின்றன என்பது என் சந்தேகம்.

இனி நான் செய்த தவறு. சாதாரணமாக ஒரு டிரைவர் பயன்பாட்டில் இருந்தால், அழிக்கச் சொன்னாலும் விண்டோஸ் மறுத்துவிடும். அந்த மறுப்பைத் தாண்ட இந்தக் கருவியில் ‘ஃபோர்ஸ் டெலிஷன்’ என்று ஒரு டிக் இருக்கிறது. நான் அதைப் போட்டேன். பெயர் தெரியாத ஒரு ஆடியோ டிரைவர், 2011ஆம் வருடத்துத் தேதி, அப்போது லேப்டாப்பில் அப்படி எந்தச் சாதனமும் செருகியிருக்கவில்லை. குப்பை என்று முடிவு கட்டி அழித்தேன். மறுநாள் அம்மா மைக்கைச் செருகும் சின்ன ரெக்கார்டிங் பெட்டியை யூஎஸ்பியில் இணைத்தார். விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. டிவைஸ் மேனேஜரில் அதன் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம்.

“என்னடா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது?” என்றார் அம்மா. எனக்குக் கை நடுங்கியது. அந்தப் பெட்டியைத் தயாரித்தவர்கள் அதற்கு டிரைவர் வெளியிடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

தப்பித்தது ஒரே காரணத்தால். வேலையைத் தொடங்கும் முன் விண்டோஸிலேயே இருக்கும் பிஎன்பியூட்டில் கட்டளையால் எல்லா டிரைவர்களையும் ஒரு ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வைத்திருந்தேன். அதிலிருந்து அந்த ஒரு பொட்டலத்தை டிரைவர் ஸ்டோர் எக்ஸ்ப்ளோரர் வழியாகவே திரும்பச் சேர்த்தேன். பெட்டியைக் கழற்றிச் செருகினேன். அம்மா “ஸ...” என்று பிடித்ததும் திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. அதனால் சொல்கிறேன்: வீட்டில் இருக்கும் அத்தனை சாதனங்களையும் ஒருமுறை செருகிப் பார்த்து, எக்ஸ்போர்ட்டும் எடுத்த பிறகுதான் இதைத் திறக்க வேண்டும். ஃபோர்ஸ் டிக்கை நான் இனிப் போட மாட்டேன்.

குறை என்று பார்த்தால், எதை அழிக்கலாம், எதை அழித்தால் வம்பு என்று ஒரு வரி விளக்கம்கூட இதில் கிடையாது. டிரைவர் என்றால் என்னவென்று ஓரளவு தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய கருவி. புது டிரைவரைத் தேடித் தராது. புரோகிராம்கள் விட்டுப்போன மிச்சத்தையும் பார்க்காது. அதற்கு நான், விண்டோஸோடு தானாக எழும் புரோகிராம்களைப் பட்டியலிடும் மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸைப் பயன்படுத்தினேன். ஃபைல் போய்விட்டும் பெயர் மட்டும் நிற்கும் வரிகளை அது மஞ்சளில் காட்டும்; பிரின்டர் சாஃப்ட்வேரின் வால்கள் அங்கேதான் மாட்டின.

எனக்கு இது மிகவும் உதவிய இடம் இன்னொன்று உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘மெமரி இன்டக்ரிட்டி’ என்ற பாதுகாப்பை ஆன் செய்யப் போனேன். ஒத்துவராத டிரைவர்கள் இருக்கின்றன என்று மறுத்தது. பட்டியலில் காட்டியது ‘ஓஇஎம்’ என்று தொடங்கி ஒரு எண்ணோடு முடியும் இரண்டு பெயர்களைத்தான். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு டிரைவருக்கும் விண்டோஸ் வைக்கும் பெயர் அது. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. அதே பெயரை டிரைவர் ஸ்டோர் எக்ஸ்ப்ளோரரில் தேடியதும் ஆள் யாரென்று தெரிந்தது. ஒன்று, எப்போதோ அன்இன்ஸ்டால் செய்த விர்ச்சுவல் சிடி டிரைவ் புரோகிராம் விட்டுப்போனது. டிக் போட்டேன், ஃபோர்ஸ் இல்லாமலே போய்விட்டது.

இரண்டாவது, அந்த 2011 ரெக்கார்டிங் பெட்டியின் டிரைவர்.

அதை எடுக்க முடியாது. எனவே மெமரி இன்டக்ரிட்டி இந்த லேப்டாப்பில் ஆஃப்பிலேயே இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதால், வைஃபையை அணைத்துவிட்டேன். பதிவுகள் பென் டிரைவில்தான் வெளியே போகும். எக்ஸ்போர்ட் செய்த டிரைவர் ஃபோல்டரின் இன்னொரு நகல் அம்மாவின் நோட்டுப் புத்தகங்களோடு அலமாரியில் இருக்கிறது, மேலே “அழிக்காதே” என்று எழுதி ஒட்டி.