வெல்ஸின் வண்டியும் பட்லரின் தலைசுற்றலும்

எச். ஜி. வெல்ஸின் ‘தி டைம் மெஷின்’ (1895) நாவலின் நாயகனுக்குக் காலத்தில் பயணிக்க ஒரு வண்டி உண்டு. நெம்புகோலைத் தள்ளினால் போதும், 802701ஆம் ஆண்டுக்கே போய்விடலாம். போவதும் திரும்புவதும் அவர் இஷ்டம். நடுவில் வண்டி திருடுபோகிறது, சரி, அதுவும் கிடைத்துவிடுகிறது. திரும்பி வந்தவர் சட்டைப்பையிலிருந்து வாடிய இரண்டு வெள்ளைப் பூக்களை எடுத்து மேசையில் வைக்கிறார்.

ஆக்டேவியா பட்லரின் ‘கின்ட்ரெட்’டில் (1979) வண்டியும் இல்லை, விளக்கமும் இல்லை. 1976, கலிஃபோர்னியா. புதுவீட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும் கறுப்பினப் பெண் டேனாவுக்குத் தலைசுற்றுகிறது. கண் திறந்தால் அடிமைமுறைக் கால மேரிலாந்து, ஆற்றில் மூழ்கும் வெள்ளைக்காரச் சிறுவன். அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவள் இழுக்கப்படுகிறாள். தன் உயிர் போய்விடும் என்று அஞ்சினால்தான் வீடு திரும்ப முடியும். அந்தப் பையன் வளர்ந்து பண்ணை முதலாளி ஆகிறான். அவளுடைய மூதாதையும் அவன்தான். அவனைக் காப்பாற்றாவிட்டால் அவளே பிறக்க மாட்டாள்!

வெல்ஸின் கற்பனை பிரம்மாண்டம்தான். ஆனால் அவர் ஆள் வேடிக்கை பார்க்கப் போனவர். எனக்குப் பட்லர்தான் ஒரு படி மேல். கடைசிப் பயணத்தில் டேனா ஒரு கையை இழக்கிறாள். கதையைக் கெடுக்கிறேன் என்று கோபப்படாதீர்கள், நாவலின் முதல் வரியே அதுதான்.