காலி மைதானமா, விடிகாலை ஈ.சி.ஆரா?

ஸ்பிளெண்டரில் பத்து வருஷம் ஓட்டியவர் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் ஏறினால் முதலில் உறைப்பது வேகம் இல்லை, எடை. அது 110 கிலோ சொச்சம், இது 195 கிலோ. பழக இரண்டு வழி சொல்வார்கள்: காலி மைதானம், இல்லையென்றால் விடிகாலை ஐந்தரைக்கு நேராக ஈ.சி.ஆர், அதாவது சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை.

ரோட்டில் சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. நாற்பதைத் தாண்டினால் எந்தக் கனமான வண்டியும் தானாக நிமிர்ந்து ஓடும், கியரும் கைக்கு வந்துவிடும், இரண்டே நாளில் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அதுதான் சிக்கல். நான் அப்படித்தான் மாமல்லபுரம் வரை ஜம்மென்று போய்விட்டு, டீக்கடை வாசலில் யூ-டர்ன் அடிக்கும்போது ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்த நிலையில் முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி மெல்லச் சாய்ந்தது, நானும் சேர்ந்து மண்ணில்.

மைதானம் போரடிக்கும். ஆனால் கனமான வண்டியைப் பெரும்பாலும் கீழே போடுவது நடக்கிற வேகத்தில்தான். முதல் கியர், பாதி கிளட்ச், ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்து, பின் பிரேக்கை மட்டும் லேசாக மிதித்தபடி எட்டுப் போடுங்கள். முன் சக்கரத்தையே பார்த்தால் வளையாது; தலையைத் திருப்பிப் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிப் பழகுங்கள், இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

என் ஓட்டு மைதானத்துக்கு. ஒரு வாரம், தினம் அரை மணி நேரம், ரோடு அதற்கப்புறம். இன்னும் வண்டி வாங்கவில்லை, உயரமும் குறைவு என்றால் அதே கம்பெனியின் மீட்டியார் 350-இல் ஏறிப் பாருங்கள், சீட் 765 மி.மீ.தான், கிளாசிக்கில் 805.