பெயரா, குழுவா? குக்கு வித் கோமாளியும் டாப் குக்கு டூப் குக்கும்

2024-ல் சமைக்கத் தெரியாத கோமாளிகளோடு போட்டியாளர்கள் சமைக்கும் விஜய் டிவி நிகழ்ச்சியான குக்கு வித் கோமாளியின் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்ததற்குக் காரணம் திரைக்குப் பின்னால்தான் இருந்தது. நான்கு சீசன் தயாரித்த மீடியா மேசன்ஸ் நிறுவனம் விஜய் டிவியை விட்டு விலக, நடுவராக இருந்த செஃப் வெங்கடேஷ் பட்டும் விலகினார். அதே குழு சன் டிவியில் டாப் குக்கு டூப் குக்கு என்று தொடங்கியது.

விஜய் டிவி பக்கம் நின்றவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பெயர், இன்னொரு நடுவரான செஃப் தாமு, கோமாளிகள் புகழ், சுனிதா எல்லாம் அங்கேதானே! பட் இடத்துக்கு மாதம்பட்டி ரங்கராஜ் வந்தார், நன்றாகவே சமைக்கத் தெரிந்தவர்.

ஆனால் என் ஓட்டு குழுவுக்குத்தான். தாமுவும் பட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் கோமாளியைத் திட்ட ஆரம்பித்ததும் இன்னொருவர் எடுத்துக்கொடுப்பாரே, அந்தக் கூட்டணிதான் எனக்கு நிகழ்ச்சியே, அதை எழுதிக்கொடுத்து வரவழைக்க முடியாது, பழகிப் பழகி வந்தது. அப்புறம் எடிட்டிங். கோமாளி முகத்தில் சட்டென்று ஜூம் போய், சரியான இடத்தில் ஒரு பழைய பாட்டு விழும், பாதி சிரிப்பு அங்கேதான்.

சன் டிவியில் பட் தனியாக இருந்தது குறைதான், தாமு இல்லாத வெறுமை தெரிந்தது. புதிதாகப் பார்க்க வருபவருக்கு விஜய் டிவியே போதும். முதல் சீசனிலிருந்து பார்த்தவர்கள் பட் இருக்கும் பக்கம் வாருங்கள்.