கேஸ் இருக்கும்போது விறகு எதற்கு? சொந்தமாக அறுத்துக் கீறி எரிக்கும் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டில் உள்ளே கேஸ் அடுப்பு, பின்னால் வெளி அடுக்களையில் விறகு அடுப்பு. டீ, தோசை, அவசரத்துக்கு ஒரு முட்டை என்றால் கேஸ். கட்டிச்சம்பா அரிசிச் சோறு, மரச்சீனிக் கிழங்கு அவிப்பது, குளிக்க வெந்நீர், மண்சட்டியில் மீன்குழம்பு, வீட்டில் ஆள் கூடும் நாள் சமையல் எல்லாம் விறகில்தான். கட்டிச்சம்பா வேக எடுக்கும் நேரம் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. இந்த விறகை வெளியே வாங்குவது கிடையாது. பொறுக்குவது, அறுப்பது, கீறுவது, அட்டி போட்டு அடுக்கி வைப்பது எல்லாம் நான்தான், மழை நேரத்தில் அம்மாவின் மேற்பார்வையோடு.

தொடங்கியது ஒக்கி புயலில். 2017 நவம்பர் 30 அன்று அடித்த அந்தக் காற்றில் இந்த மாவட்டத்தில் விழுந்த ரப்பரையும் தென்னையையும் வாழையையும் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்கம்பங்கள் சரிந்து நாட்கணக்கில் கரண்ட் இல்லை, மரம் அறுக்க வருகிற ஆட்களுக்கு எல்லா வீட்டிலிருந்தும் அழைப்பு, எங்கள் முறை எப்போது வரும் என்றே தெரியாது. சரி, வழியில் கிடப்பதை மட்டுமாவது நாமே ஒதுக்குவோம் என்று கோடாலியை எடுத்தது, அப்படியே பழக்கமாகிவிட்டது.

இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டது இதுதான்: கோடாலி வேலை இதில் பாதி கூட இல்லை, மீதியெல்லாம் தண்ணீரோடு நடக்கிற சண்டை. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். நன்றாகக் காய்ந்த விறகில் அது இருபது சதவீதத்துக்குள் வர வேண்டும். கணக்குப் போட்டால் பச்சையில் 10 கிலோ இருந்த கட்டை காய்ந்து ஆறேகால் கிலோவுக்கு வரும், மீதி மூன்றேமுக்கால் கிலோவும் ஆவியாகிப் போக வேண்டிய தண்ணீர். அதைக் காற்றிலும் வெயிலிலும் போக விடாமல் அடுப்பிலேயே ஏற்றினால், தீயில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், சோற்றுப்பானைக்குக் கிடைப்பது குறையும். ஊதி ஊதிக் கண் எரிவதுதான் பலன். விறகடுப்பு என்றாலே புகை என்று ஒதுங்குகிறவர்களில் பலர் காய்ந்த விறகில் சமைத்துப் பார்த்ததே இல்லை என்பது என் சந்தேகம்.

பணம் மிச்சமா என்று எல்லோரும் கேட்பார்கள். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்கிற வேலையைச் சாதாரண மண் அடுப்பில் விறகை வைத்துச் செய்ய, தோராயமாக 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும். கேஸ் கிலோவுக்கு 46 மெகாஜூல், விறகு 15 மெகாஜூல் என்பது மட்டும் காரணமில்லை. கேஸ் அடுப்பில் சூட்டில் பாதிக்கு மேல் பாத்திரத்தில் ஏறும், மண் அடுப்பில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாக ஏறினால் அதுவே பெரிது. 200 கிலோவை அறுத்து, கீறி, சுமந்து, அடுக்கும் உழைப்புக்குக் கூலி வைத்தால் சிலிண்டரே லாபம். மரம் சொந்தத் தோட்டத்தில் சும்மா கிடக்கிறது, உடம்பு வேலை கேட்கிறது என்றால் மட்டும் கணக்கு சரியாக வரும். என் விஷயத்தில் இரண்டும் உண்டு.

இனி மரங்கள். எங்கள் பக்கம் விறகு என்றால் முதலில் ரப்பர்தான். இருபத்தைந்து முப்பது வருடம் பால் வெட்டி ஓய்ந்த மரத்தை மொத்தமாக முறித்துவிட்டு மறுநடவு செய்வார்கள். தடி லாரியில் ஏறிப் பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகள் பக்கம் போய்விடும், நமக்கு மிஞ்சுவது கொம்பும் சில நேரம் அடிமூடும். பச்சையில் ரப்பர் மாதிரி சுகமாகக் கீற முடிகிற மரம் வேறு இல்லை, தேங்காய் உடைப்பது போல ஒரே போடில் இரண்டாகும். ஆனால் அதே மரத்தை உருட்டாக மழையில் போட்டுப் பாருங்கள், சில வாரத்திலேயே பூஞ்சை ஏறிக் கறுத்து, வண்டு துளைத்து மாவு கொட்ட ஆரம்பிக்கும். இதற்காகத்தான் பலகைக்குப் போகும் ரப்பர் மரத்துக்கு மருந்தேற்றுகிறார்கள். விறகுக்கு மருந்தேற்ற முடியாது, சீக்கிரம் கீறி நிலத்தில் படாமல் தூக்கி வைப்பது ஒன்றே வழி.

புளி வேறு ரகம். நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், கோடாலி உள்ளே போய் மாட்டிக்கொண்டு வெளியே வராது, இரும்பு ஆப்பு இல்லாமல் பெரிய உருட்டைத் தொடவே கூடாது. ஆனால் அடுப்பில் வைத்தால் தீ நின்று எரியும், கனல் அணைய வெகு நேரமாகும், கிழங்கு சுட அதைவிட நல்ல கனல் இல்லை. மா நடுத்தரம். அயினியும் பலாவும் தடி விலைக்குப் போகிற மரங்கள், கொப்பு மட்டும்தான் அடுப்புக்கு. தென்னந்தடியை விறகாக்குவது வீண்வேலை, வெளியே இரும்பு, உள்ளே சோறு, நார் நாராகக் கிழியுமே தவிர கீறாது. முருங்கை, இலவு இரண்டும் இடத்தை அடைப்பதோடு சரி. எட்டியை நான் எரிப்பதில்லை, விஷமரத்தைச் சமையலுக்குப் பக்கத்தில் ஏன் கொண்டுவர வேண்டும். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல், பிளைவுட் துண்டு இவையும் அடுப்புக்கு ஆகாது, அந்தப் புகை உடம்புக்குக் கேடு.

யாரும் மதிக்காத ஒரு மரத்துக்கு நான் முதல் மார்க் போடுவேன். சீமைக்கொன்றை, அதாவது கிளைரிசிடியா. வேலிக்கும் நல்லமிளகுக்கொடி ஏற்றவும் நட்டு வைத்திருப்போமே, அதுதான். மணிக்கட்டு கனத்துக்கு வந்ததும் வெட்டுக்கத்தியாலேயே கோதிவிடலாம், கீறவே வேண்டாம், இலை தென்னையின் அடிமூட்டுக்கு உரம், வெட்டிய இடத்தில் மறுபடியும் தழைக்கும். கோடாலி தூக்க முடியாதவர்கள் வேலி நெடுக இதை நட்டால் போதும்.

தீ மூட்ட வேண்டியதைத் தென்னையே தந்துவிடும். கொதும்பு, ஓலை, காய்ந்த கதம்பை, சிரட்டை. மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் ஒட்டுப்பால் துண்டு வைத்துத் தீ மூட்டுகிற பழக்கம் இங்கே உண்டு, பற்றும், ஆனால் கரும்புகையும் நாற்றமும் சோறு வரைக்கும் வரும். நான் அதை அடுக்களைக்குள் விடுவதில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. காட்டுக்குள் போய்ப் பொறுக்குவதெல்லாம் வேண்டாம், பேச்சிப்பாறைக்கு மேலே வனத்துறை இடம், அபராதமும் உண்டு யானையும் உண்டு. சந்தனம் சொந்த நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் தொடக்கூடாது. மலையோரக் கிராமங்களில் 1949ஆம் வருடத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற நிலமும் இருக்கிறது, அங்கே ரப்பரை முறிப்பதற்கே அனுமதி கேட்க வேண்டியிருக்கும். முதலில் விசாரித்துவிடுங்கள்.

நிற்கிற மரத்தை நான் முறிப்பதில்லை. அது தெரிந்தவர்கள் வேலை, கயிறு கட்டிச் சாய்க்க ஆள் வேண்டும். கீழே விழுந்ததை அறுப்பதில்தான் என் வேலை தொடங்கும். முதலில் கை ரம்பம், பிறகு பெட்ரோல் செயின்சா. கடையில் மலிவாகக் காட்டுகிற 58 சிசி, 22 அங்குலக் கம்பி (சங்கிலி சுற்றி ஓடும் நீளப் பட்டை) வைத்த மெஷின்கள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். விறகுக்கு அவ்வளவு தேவையே இல்லை, கை வலிதான் மிச்சம். 16 அங்குலம் தாராளம். மெஷினைவிடச் சங்கிலியின் கூர்மை முக்கியம். அறுக்கும்போது செதில் செதிலாகக் கொட்டினால் சங்கிலி நன்றாக இருக்கிறது, மாவு மாதிரி கொட்டினால் நிறுத்தி அரம் போடுங்கள். அரத்தில் அளவு உண்டு, சங்கிலியைப் பொறுத்து 4 மில்லிமீட்டரோ 4.8 மில்லிமீட்டரோ, தப்பான அரம் போட்டால் பல் கெட்டுப்போகும். மண்ணில் ஒரு தடவை உரசினாலே கூர்மை போய்விடும் என்பதால் உருட்டுக்கு அடியில் எப்போதும் இரண்டு கட்டை கொடுத்துத் தூக்கியே அறுப்பேன்.

நம் ஊருக்கே உரிய தலைவலி பெட்ரோல். இப்போது பம்பில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். ஆயில் கலந்த பெட்ரோலை டேங்கில் விட்டு இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை முழுக்க மெஷினை மூலையில் வைத்தால், மழை விட்டு எடுக்கும்போது கார்புரேட்டர் அடைத்திருக்கும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இருப்பதும் எரிந்து தானாக அணையும் வரை ஓட விட்டு வையுங்கள். அப்புறம், தயவுசெய்து சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு செயின்சா பிடிக்காதீர்கள். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள், தெரியும். கெட்டித் துணி பேன்ட், ஷூ, கண்ணாடி, காதுக்கு அடைப்பு. கம்பியின் மூக்கு நுனி, அதிலும் மேல்பாதி, மரத்தில் பட்டால் மெஷின் மேல்நோக்கி முகத்துக்கே எகிறும், அதைப் பிடித்து நிறுத்த எந்தக் கைக்கும் நேரம் கிடைக்காது.

கீறுவதற்கு வருவோம். பக்கத்து வீட்டுப் பாட்டா ஒருத்தர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இன்றைக்கும் சரி: "மக்ளே, பச்சையிலயே கீறிப் போட்டிரு. காஞ்ச பொறவு கீறணும்னா அது ஒன்னத்தான் கீறும்." ரப்பர், மா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். காயும் வேகமும் அதில்தான் இருக்கிறது, பட்டைக்குள் இருக்கும் ஈரம் உருட்டின் இரண்டு முனை வழியாக மட்டும் வெளியேற வேண்டும், கீறிவிட்டால் பக்கமெல்லாம் திறந்துவிடும்.

இரண்டு கோடாலி வைத்திருக்கிறேன். ஒன்று கொல்லப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து வாங்கியது, மெலிந்த வாய், கொப்பு வெட்ட அருமை, கீறும்போது மாட்டும். இன்னொன்று தடித்த ஆப்பு மாதிரி தலை உள்ள கனமான கோடாலி, அதற்குக் கூர்மை பெரிதாக வேண்டாம், கனமே கட்டையைத் தள்ளிப் பிரிக்கும். இரண்டிலும் புளியங்காம்புதான். கடையில் போட்டுத் தந்த காம்பு ஒரு மழைக்காலம் தாங்கவில்லை, காய்ந்து சுருங்கித் தலை ஆட ஆரம்பித்தது. ஆடுகிற தலையோடு ஒரு வெட்டு கூட வெட்டாதீர்கள்.

உருட்டின் முகத்தில் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அந்தக் கோட்டிலேயே போட வேண்டும். நான் கணுவைத் தவிர்த்து ஓரத்தில் இருந்தே உரித்துக்கொண்டு போவேன், பெரிய உருட்டை நடுவில் பிளக்க நினைப்பது வெறும் வீம்பு. பழைய டயர் ஒன்றை அடிக்கட்டையின் மேல் வைத்து உருட்டை அதற்குள் நிறுத்தினால் கீறின துண்டு நாலாபக்கமும் தெறிக்காது, ஒவ்வொரு போடுக்கும் குனிய வேண்டாம். இடுப்பு வலிக்காரர்கள் இந்த ஒன்றையாவது செய்து பாருங்கள். அளவு ஒன்றரை அடி நீளம், மணிக்கட்டு கனம். அதைவிடத் தடித்தால் மண் அடுப்பின் வாய்க்குள் போகாது, போனாலும் பாதி எரிந்து புகையும்.

காயவைப்பதுதான் இந்த மாவட்டத்தின் உண்மையான பரீட்சை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை ஓடுகிற ஊர், மழையும் குறைவு, அங்கே விறகு தானாகக் காய்ந்துவிடும். மேற்கே எங்களுக்கு இடவப்பாதி ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை ஒரு தடவை, இரண்டு மழையும் முழுசாக வரும். அதனால் வேலை எல்லாம் தை முதல் சித்திரைக்குள் முடிய வேண்டும். தையில் அறுப்பு, உடனே கீறல், மாசி பங்குனி வெயில் முழுக்க திறந்த வெளியில், சித்திரை கடைசிக்குள் சாய்ப்புக்கு உள்ளே. வைகாசியில் அறுத்த மரம் அந்த வருடத்துக்கு விறகே இல்லை.

அட்டி போடும்போது அடியில் செங்கல்லோ கருங்கல்லோ வைத்து அரையடி உயர்த்துங்கள், கறையானுக்கும் ஈரத்துக்கும் அது ஒன்றே தடுப்பு. சுவரோடு ஒட்டி அடுக்காமல் ஒரு கை போகிற இடைவெளி விட வேண்டும். தார்பாயால் மூட்டையாகக் கட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், உள்ளே வியர்த்து எல்லாம் பூசணம். மேலே கூரை போதும், பக்கம் திறந்து கிடக்கட்டும். காய்ந்ததா என்று பார்க்கத் தொங்கு தராசு போதும், ஒரே துண்டில் அடையாளம் போட்டு வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால் முடிந்தது. தராசு இல்லையென்றால் இரண்டைத் தட்டிப் பாருங்கள், காய்ந்தது கணீரென்று கேட்கும். அட்டிக்குள் வெறுங்கையை விடாதீர்கள். தேளும் பூரான் வகைச் செய்யானும் கட்டுவிரியனும் இருக்க அதைவிடச் சுகமான இடம் கிடையாது, முதலில் கம்பால் தட்டி, டார்ச் அடித்து, பிறகுதான் எடுக்க வேண்டும்.

புகையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். விறகு எவ்வளவு காய்ந்தாலும் புகை இருக்கும், தினமும் மூன்று வேளையும் அதன் முன் குந்தியிருந்த எங்கள் அம்மாவின் தலைமுறைக்கு அது நுரையீரலில் தெரிகிறது. அடைத்த சமையலறையில், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது வேண்டாம். எங்களுடையது வெளி அடுக்களை, புகைபோக்கி வைத்த அடுப்பு. அதன் மேலே உள்ள பரணில் அடுத்த நாள் விறகும், காலத்துக்கு மீன்குழம்புக்கான கொடம்புளியும் கிடந்து காயும். சாம்பல் தென்னைக்கும் வாழைக்கும் போகும், மீன் கழுவவும் கொஞ்சம் எடுத்து வைப்போம்.

தோட்டம் இல்லாதவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் மர அறுப்பு மில்லில் ஓரப்பலகைத் துண்டு வாங்கிப் போடுங்கள், கீறவே வேண்டாம், வெட்டுக்கத்தி ஒன்று போதும். அதுவும் பச்சையாகத்தான் வரும், ஆகவே வாங்குவதை மாசியிலேயே வாங்கிவிடுங்கள்.